பல்லாவரம்: சென்னைக்கு முந்திய புறநகர்

"பல்லாவரம் சென்னை வீங்கியதால் உண்டான புறநகரா, இல்லை தனக்கென்று ஒரு வரலாறு உள்ள ஊரா? அங்கே குடியிருப்பவர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள்?" இதுதான் கேள்வி. மின்சார ரயிலில் தாம்பரம் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, விமான நிலையத்தை அடுத்து வரும் இன்னொரு நெரிசலான ஸ்டேஷன் என்று கடந்துவிடுகிறவர்கள் பலர். அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

சுருக்கமான விடை வேண்டுமென்றால், சென்னைக்கு 1639-இல் கோட்டை கட்ட இடம் கிடைத்தபோது பல்லாவரத்துக்கு ஆயிரம் ஆண்டு வயது ஆகிவிட்டிருந்தது. அதற்கும் முன்னே இங்கே மனிதர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அதற்கும் பல லட்சம் ஆண்டுகள் முன்னே இங்கே கல்லை உடைத்துக் கருவி செய்திருக்கிறார்கள். ஊரை உண்டாக்கியவை மூன்று: மலை, ஏரி, தெற்கே போகும் பெரிய சாலை. ஒவ்வொரு காலத்திலும் வந்தவர்களில் பெரும்பாலோர் இந்த மூன்றில் ஒன்றுக்காகவே வந்தார்கள். யார் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பதற்கும் இந்த மூன்றில்தான் பெரும்பாலும் காரணம் கிடைக்கும்.

முதலில் மலை. பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், பம்மல் என்று தொடராக எழும்பி நிற்கும் இந்தக் குன்றுகள் உயரத்தில் பெரியவை அல்ல. ஆனால் நிலவியல் படித்தவர்களுக்கு உலகம் முழுவதும் இவை தெரியும். நீலம் ஓடிய கருஞ்சாம்பல் நிறத்தில், சுத்தியல் பட்டால் கணீரென்று ஒலிக்கும் இந்தக் கல்லுக்கு 'சார்னோகைட்' என்று பெயர். 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தப் பெயரைச் சூட்டினார். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை அங்கே ஆராய்ந்த அவர், அது நம் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல் என்று கண்டுகொண்டார். கல் போனது இங்கிருந்து. பெயர் வந்தது அங்கே புதைந்த மனிதரிடமிருந்து. இந்தப் பாறைக்கு ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயது. பரங்கிமலையில் உள்ள இந்தப் பாறையைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அறிவித்திருக்கிறது.

இதே ஆய்வுத் துறையில் இருந்த இன்னொருவரால்தான் பல்லாவரம் என்ற பெயர் தொல்லியல் புத்தகங்களில் ஏறியது. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1858-இல் பணியில் சேர்ந்தவர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், ராணுவ அணிவகுப்பு மைதானத்துக்குப் பக்கத்தில் சரளைக்காகத் தோண்டிய ஒரு சிறு குழியைப் பார்த்தார். தோண்டி வெளியே போட்டிருந்த மண்ணுக்குள் ஒரு கல் கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்ததும் அது தானாக உடைந்த கல் அல்ல, ஒருவர் வேண்டுமென்றே இருபுறமும் செதுக்கிய கைக்கோடரி என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 28. நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் பிரான்சின் ஆற்றுப் படிவுகளில் கிடைத்த கல்லாயுதங்கள் மிகப் பழைய மனிதர்களுடையவை என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்திருந்த கண்ணுக்குப் பல்லாவரத்துச் சரளையில் அதே வடிவம் பட்டது.

இந்தியாவில் பழைய கற்காலக் கருவி ஒன்று இன்னதென்று முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது அன்றுதான். இதற்கு முன் இந்த நாட்டின் வரலாறு வேதங்களோடும் காவியங்களோடும் தொடங்குவதாகவே எழுதப்பட்டு வந்தது. அதைப் பல லட்சம் ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளியது ஒரு கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்பு) மைதானத்துச் சரளைக் குழி. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கும் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். அந்த இடத்தில் பின்னாளில் தொல்லியலாளர் சாந்தி பப்பு தலைமையில் நடந்த ஆய்வு, அங்குள்ள கருவிகளில் மிகப் பழையவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-இல் நிறுவியது. அந்தத் தேடல் முழுவதற்கும் தொடக்கம் பல்லாவரம்தான்.

கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மலை சார்னோகைட், கருவியோ குவார்ட்சைட் என்ற வேறு வகைக் கல். ஆக அந்தக் கைக்கோடரியைச் செய்தவர் கண்ணெதிரே இருந்த மலைக்கல்லை விட்டுவிட்டு, சீராகச் செதில் விடும் கூழாங்கல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். எந்தக் கல் எதற்கு ஆகும் என்ற அறிவு அப்போதே இருந்திருக்கிறது. ஃபூட் தன் சேகரிப்பைப் பின்னாளில் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கே விற்றார். எழும்பூரில் தொல்பழங்காலப் பகுதிக்குள் நுழைகிறவர்கள் பல்லாவரம் என்ற பெயரைத் தேடிப் பாருங்கள்.

அடுத்த அடுக்கு, இறந்தவர்களுக்குப் பெரிய கற்களால் நினைவிடம் எழுப்பிய பெருங்கற்காலம். 1880-களில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ பல்லாவரக் குன்றடியில் தோண்டியபோது சுட்ட மண்ணால் ஆன ஈமப் பேழைகளைக் கண்டார். நீண்ட தொட்டி போல, அடியில் வரிசையாகக் குட்டைக் கால்களோடு இருக்கும். இறந்தவரின் எலும்புகளை அதில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். தொல்லியல் துறைக்கு அண்மைக் காலத்திலும் இங்கே ஒரு பேழை கிடைத்தது. இதைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. பழைய பல்லாவரத்தில் இந்த இடங்கள் பாதுகாக்கப்பட்டவை என்று அறிவிக்கப்பட்டிருப்பதால், 2010-இல் திருத்தப்பட்ட சட்டப்படி சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது; அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். எத்தனையோ தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் மாடி எடுக்கவும் ஓட்டை மாற்றிக் கூரை போடவும் அலைகிறார்கள். சான்றுகளைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எந்த இடத்தில் எது புதைந்திருக்கிறது என்று நுணுக்கமாக அளந்து எல்லை போட்டால் பழம்பொருளும் பிழைக்கும், குடியிருப்பவர்களும் பிழைப்பார்கள்.

இப்போது பல்லவர்களுக்கு வருவோம். ஊரின் பெயர் பல்லவபுரம் என்பதிலிருந்து வந்தது. ஆனால் பெயரைவிடப் பெரிய சான்று மலைச் சரிவில் இருக்கிறது: முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கல்லிலேயே கோயில் எடுத்தவன் என்று மண்டகப்பட்டு ஊர்க் கல்வெட்டில் தன்னைச் சொல்லிக்கொண்ட அதே மன்னன். பல்லாவரத்துக் குகையில் கனத்த சதுரத் தூண்கள் இரண்டு வரிசை. அவன் காலத்துத் தூண்களுக்கே உரிய முறையில் மேலும் கீழும் சதுரமாகவும் நடுவில் எட்டுப்பட்டையாகவும் இருக்கும். பின்சுவரில் ஐந்து கருவறைகள். தூண்களுக்கு மேல் உத்தரத்தில் அவனுடைய பட்டப்பெயர்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்ததால்தான் குகை யாருடையது என்று உறுதியானது.

அந்தக் குகை இன்று ஒரு தர்கா. எப்போது மாறியது என்பதைவிட, மாறிய பிறகும் அது வழிபாட்டில் இருக்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தூண்களுக்கு வெள்ளையும் வண்ணமும் அடித்திருக்கிறார்கள். கருவறைக் குழிவுகளைப் பச்சைத் துணியும் ஊதுபத்திப் புகையும் நிறைக்கின்றன. நோய்க்கும் மனக்கவலைக்கும் வேண்டிக்கொண்டு வருகிறவர்களில் இந்துக்கள், முஸ்லிம்கள், கிறித்தவர்கள் எல்லோரும் உண்டு. கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு ஏறியிருப்பது ஆய்வாளர்களுக்கு வருத்தம்தான். ஆனால் காவலாளி இல்லாமல் கைவிடப்பட்டு, குடிக்கும் சூதாட்டத்துக்கும் இடமாகிப்போன பழைய குகைகள் தமிழ்நாட்டில் எத்தனை உள்ளன என்று பார்த்தவர்கள், தினமும் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றுகிறவர்கள் இருப்பதன் அருமையை அறிவார்கள். மலையேறிப் போகிறவர்கள் வழிபடுகிறவர்களுக்கு இடைஞ்சல் செய்யாமல், கேட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

சோழர் காலத்தைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதி புலியூர்க் கோட்டத்துச் சுரத்தூர் நாடு என்ற அக்கால நிர்வாகப் பிரிவில் இருந்தது. திரிசூலம் என்று இன்று நாம் சொல்லும் ஊர் கல்வெட்டுகளில் திருச்சுரம். நான்கு குன்றுகளுக்கு நடுவே இருக்கும் அதன் சிவன் கோயில் சோழர் திருப்பணி. மேற்கே திருநீர்மலை, 108 திவ்விய தேசங்களில் ஒன்று. நின்ற, இருந்த, கிடந்த, நடந்த என்று நான்கு கோலங்களிலும் பெருமாள் இருக்கும் தலம். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததால் ஆறு மாதம் காத்திருந்து தரிசித்தார் என்பது தலவரலாறு. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் இந்த நிலம் எவ்வளவு நீர் தேங்கும் நிலம் என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரை முழுவதும் கண்டது. விமான நிலையமே நாள்கணக்கில் மூடிக்கிடந்தது.

ஊரின் இன்றைய உருவத்தை அதிகமாகத் தீர்மானித்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை. சென்னைக் கோட்டைக்குத் தெற்கேயிருந்து வரும் எவரும் பரங்கிமலையைத் தாண்டித்தான் வரவேண்டும். 1759-இல் பிரெஞ்சுக்காரர்களோடு பரங்கிமலையில் சண்டை நடந்தது. 1769-இல் ஹைதர் அலி குதிரைப்படையோடு பரங்கிமலை வரை வந்து, கம்பெனியைச் சமாதானத்துக்கு இழுத்தார். இதற்குப் பிறகு இந்தச் சாலையைத் திறந்து போட்டுவைக்க ஆங்கிலேயர்கள் விரும்பவில்லை. பரங்கிமலையில் பீரங்கிப்படையும் பல்லாவரத்தில் காலாட்படையும் நிலைகொண்டன. ஃபூட் கல்லெடுத்த மைதானம் அந்தப் படை அணிவகுத்த மைதானம்.

படை வந்தால் ஊர் எப்படி மாறும் என்பதற்குப் பல்லாவரம் நல்ல பாடம். சிப்பாய்களில் தமிழர்கள், தெலுங்கர்கள், உருது பேசும் முஸ்லிம்கள் என்று பலரும் இருந்தார்கள். அவர்களோடு குடும்பங்கள் வந்தன. குடும்பங்களுக்காகக் கடைத்தெரு வந்தது. துணி வெளுப்பவர், கறிக்கடைக்காரர், தையல்காரர், வட்டிக்கடைக்காரர் வந்தார்கள். பணி முடித்த ஐரோப்பியச் சிப்பாய்கள் பலர் தாய்நாட்டுக்குத் திரும்பாமல் இங்கேயே ஓய்வூதியத்தில் தங்கினார்கள். 'வெட்டரன் லைன்ஸ்' என்று இன்றும் வழங்கும் தெருப் பெயர் அவர்களுடைய தடம். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் வேர்விட்ட ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பின்னர் ரயில்வேக்கும் தந்தித் துறைக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வேலைக்குப் போனார்கள். ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் பலர் குடிபெயர்ந்து விட்டாலும், தேவாலயத்தையும் பள்ளியையும் சுற்றி ஒரு சிறு சமூகம் இன்னும் இருக்கிறது. மரம் அடர்ந்த அகலமான தெருக்களும், ஓட்டுக்கூரைப் பங்களாக்களும், கடைத்தெருவும் கன்டோன்மென்ட் விட்டுச் சென்ற அமைப்பு. அந்தப் பங்களாக்களில் பலவற்றுக்குக் கட்டடம் மட்டுமே குடியிருப்பவருடையது, நிலம் பாதுகாப்புத் துறையுடையது.

கன்டோன்மென்ட்டின் இன்னொரு கொடை வெள்ளிக்கிழமைச் சந்தை. நூறாண்டுக்கும் மேலாக நடக்கிறது. ஒரு காலத்தில் ஆடு மாடு விற்ற சந்தை. இப்போது பழைய டிரங்க் ரோட்டின் இருபுறமும் எது வேண்டுமானாலும் கிடைக்கும். தரையில் விரித்த சாக்கின் மேல் துருப்பிடித்த ஸ்பேனர்களும் ரம்பங்களும் அளவு வாரியாக அடுக்கியிருக்கும். பக்கத்தில் கழற்றிய மிக்ஸி மோட்டார்கள். ஒருவர் வயரை நேரடியாக பேட்டரியில் தொட்டு ஓடுகிறதா என்று காட்டுவார். சற்றுத் தள்ளிக் கூண்டுக்குள் புறா, லவ் பேர்ட்ஸ், பாலிதீன் பையில் மீன் குஞ்சு. ரோஜாச் செடியும் குரோட்டன்ஸும் மண்ணோடு சாக்கில் கட்டிவைத்திருப்பார்கள். பழைய நாணயம், கிராமபோன் தட்டு, கால் உடைந்த தேக்கு நாற்காலி, பள்ளிப் பாடப்புத்தகம், காய்கறி, கருவாடு. மெக்கானிக்குகளும் கொத்தனார்களும் தோட்டம் வைப்பவர்களும் தங்கள் தேவைக்காக வருகிறார்கள். புதிதாக வாங்க முடியாத தொழிலாளிக்கு இது கருவிக்கடை. நெரிசலைக் காரணம் காட்டி இந்தச் சந்தையை ஊருக்கு வெளியே தள்ள வேண்டும் என்கிறவர்களோடு நான் உடன்படமாட்டேன். வாகனங்களுக்கு வேறு வழி ஏற்படுத்தலாம். நூறாண்டாகக் கூடிய சந்தையை வேறு இடத்தில் மறுபடி கூட்ட முடியாது.

தோல் தொழிலைச் சொல்லாமல் இந்தப் பகுதியின் மக்கள் அமைப்பை விளக்கவே முடியாது. சென்னை மாகாணத்தில் ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்ட தோல் 19ஆம் நூற்றாண்டிலேயே கப்பலேறிக்கொண்டிருந்தது. அந்த முறைக்கு வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பால் பதனிடும் முறையைச் சென்னையில் தொடங்கிவைத்தவர் பொறியியலாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். 1903 வாக்கில் அவர் செய்த சோதனைகளில் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கவலைச் சால்களும் செருப்புகளும் அடக்கம். நனைந்து நனைந்து அழுகாத தோல் விவசாயிக்கு வேண்டியிருந்தது. பிறகு சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் பல்லாவரத்துக்கு அருகே குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். அதைச் சுற்றி எழுந்த ஊர்தான் குரோம்பேட்டை. ஆண்டாண்டு காலமாகப் பல்லாவரம் நகராட்சிக்குள்ளேயே இருந்த ஊர் அது.

இடத்தேர்வுக்குக் காரணம் தெளிவு. தோலுக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். ஏரியும் கிணறும் இருந்தன. நகரத்துக்குள் நாற்றத்தை விடமாட்டார்கள். இது நகரத்துக்கு வெளியே இருந்தது. துறைமுகத்துக்கு ரயிலும் சாலையும் இருந்தன. நாகல்கேணி, பம்மல் பக்கம் தோல் கம்பெனிகள் பெருகின. முதலாளிகளில் முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் பெரும்பங்கு. சுண்ணாம்புக் குழியில் இறங்கி மயிர் நீக்கி, சதை வழித்து, ஈரத்தோலைத் தோளில் சுமந்தவர்களில் பெரும்பாலோர் தலித் தொழிலாளர்கள். நாகல்கேணியின் தெருக்களை ஆக்கியவர்கள் அவர்கள். அவர்களுடைய உழைப்பில்தான் வேறு எந்தப் புறநகருக்கும் முன்பே இங்கே தொழிற்சாலைச் சம்பளம் புழங்கியது. விலையும் அவர்களே கொடுத்தார்கள். உப்பும் குரோமியமும் கலந்த கழிவு நீர் நிலத்தில் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்டன. 1990-களில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது; 1996-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றித் தந்த தீர்ப்பு கட்டுப்பாட்டை இறுக்கியது. ஆனால் நிலத்தடியில் கலந்தது அவ்வளவு எளிதில் திரும்பி வெளியே வராது. இந்தப் பகுதியில் வீடு வாங்குகிறவர்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதிக்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

மேற்கே அனகாபுத்தூரில் இன்னொரு தொழில்: நெசவு. மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, குறிப்பாக நைஜீரியாவுக்கு ஏற்றுமதியான 'மெட்ராஸ்' கட்டம் போட்ட துணியை இங்கே கைத்தறியில் நெய்தார்கள். அந்தச் சந்தை சரிந்த பிறகு, வாழைநார் போன்ற இயற்கை இழைகளைக் கலந்து சேலை நெய்யும் முயற்சியால் ஊர்ப் பெயர் மறுபடி வெளியே தெரிந்தது. தறிகள் மிகவும் குறைந்துவிட்டன. அதற்கு அடுத்த பம்மல் தமிழ் நாடக வரலாற்றிலும் இடம்பெற்ற பெயர். 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியாரின் குடும்பத்துக்கு அது பூர்வீக ஊர்.

ரயிலைப் பற்றிச் சொல்லாமல் புறநகர் இல்லை. 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ஏப்ரலில் தொடக்கவிழா, மே மாதத்தில் பொதுமக்களுக்கு. அதுவரை பல்லாவரத்தில் வேலை இருந்தவர்கள் மட்டும் பல்லாவரத்தில் இருந்தார்கள். அதன் பிறகு நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே குடியிருக்கலாம் என்ற நிலை வந்தது. விடுதலைக்குப் பின் அரசு ஊழியர்களும் ரயில்வேக்காரர்களும் வங்கிக்காரர்களும் மனை வாங்கி நகர் நகராகக் குடியேறினார்கள். இங்கிலீஷ் எலெக்ட்ரிக் போன்ற தொழிற்சாலைகள் தெற்கே போகும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையோரம் வந்தன. 1949-இல் சி. ராஜம் தன் சொத்தைப் போட்டு குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) கல்லூரியைத் தொடங்கினார்; அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தது அங்கேதான்.

மின்சார ரயிலுக்கு முன்பே, வேலைக்காக அல்லாமல் அமைதிக்காகப் பல்லாவரத்துக்கு வந்த ஒருவர் உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் தமிழாசிரியராக இருந்த வேதாசலம், 1911-இல் அந்தப் பணியை விட்டார். பட்டப்படிப்பில் தமிழ் கட்டாயப் பாடம் இல்லை என்றானபோது நேர்ந்த விலகல் அது. நேராகப் பல்லாவரத்துக்கு வந்து துறவு பூண்டு, சமரச சன்மார்க்க நிலையத்தைத் தொடங்கினார். 1916-இல், வடசொல் கலவாமல் தமிழை எழுத வேண்டும் என்ற தனித்தமிழ் இயக்கம் இந்த ஊரில் பிறந்தது. நிலையம் பொதுநிலைக் கழகம் ஆனது. ஞானசாகரம் என்ற இதழ் அறிவுக்கடல் ஆனது. வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். மகள் நீலாம்பிகை அந்த இயக்கத்தின் முதல் துணை. 1950 செப்டம்பர் 15 அன்று மறையும் வரை அவர் பல்லாவரத்துக்காரர்தான். அவர் தேடித்தேடிச் சேர்த்த புத்தகங்கள் 1958-இல் சென்னையில் மறைமலை அடிகள் நூல் நிலையமாயின. அவர் விட்டுவந்த கல்லூரியும் 1937-இல் நகரத்தை விட்டு, இதே ரயில் பாதையில் பல்லாவரத்தையும் தாண்டித் தாம்பரத்துக்கே குடிவந்துவிட்டது. இன்று நாம் மேடையிலும் செய்தித்தாளிலும் இயல்பாகப் புழங்கும் தமிழின் ஒரு பகுதி, இந்தப் புறநகர்த் தெரு ஒன்றில் உட்கார்ந்து எழுதிய மனிதரால் நமக்குக் கிடைத்தது. பல்லாவரத்துக்கு இதைவிடப் பெரிய பெருமை எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக ஏரி. பழைய பல்லாவரத்தின் வயல்களுக்குப் பாசனம் கொடுத்தது பெரிய ஏரி. வயல் போனது, ஏரிக்குக் கேட்பார் இல்லாமல் போயிற்று. குப்பை கொட்டினார்கள், கழிவு நீரைத் திருப்பினார்கள், பிறகு பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடி ரேடியல் சாலை ஏரியை இரண்டாகப் பிளந்து போனது. அந்தச் சாலை பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் அலுவலகங்களை இந்தப் பக்கத்தோடு இணைத்தது. அதனால் கீழ்க்கட்டளை வரை அடுக்குமாடிகள் நிறைந்தன. போக்குவரத்துக்குச் சாலை தேவைதான். ஆனால் நீர் ஓடுவதற்குப் போதிய வழிவிட்டு, உயர்த்திக் கட்டியிருக்க வேண்டும். ஏரியின் நடுவில் மண்ணைக் கொட்டிச் சாலை போட்டது பெரிய தவறு. அதன் விலையை ஒவ்வொரு மழைக்கும் தாழ்வான தெருக்கள் கொடுக்கின்றன. இன்னொரு பக்கம், கல் வெட்டி வெட்டி மலையடியில் உண்டான குவாரிக் குழிகளில் ஆழமாக நீர் நிற்கிறது. 2017 வறட்சியில் மாங்காடு அருகே சிக்கராயபுரம் குவாரிகளின் நீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் கொடுத்தார்கள். இந்தக் குழிகளையும் வேலி போட்டு, கழிவு கலக்காமல் வைத்திருந்தால் அவை நம் கையிருப்பு.

நிர்வாகம் கொஞ்சம் சிக்கல். ஜமீன் பல்லாவரம், ஈசா பல்லாவரம், கன்டோன்மென்ட் பல்லாவரம் என்று மூன்று பழைய பிரிவுகள். முதல் இரண்டும் குரோம்பேட்டை, அஸ்தினாபுரம், நெமிலிச்சேரி, கீழ்க்கட்டளை ஆகியவற்றோடு நகராட்சியில் இருந்தன. மூன்றாவது பரங்கிமலை–பல்லாவரம் கன்டோன்மென்ட் போர்டின் கீழ். 2001-இல் ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த நகராட்சி மக்கள்தொகை 2011-இல் 2,15,417 ஆனது. 2019-இல் செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தபோது பல்லாவரம் அதில் சேர்ந்தது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் நகராட்சிகள் அதற்குள் கரைந்தன. கன்டோன்மென்ட் மட்டும் வெளியே நின்றது. அதனால்தான் சாலையின் ஒரு பக்கம் வீட்டு வரி ஓர் இடத்திலும் எதிர்ப்பக்கம் வேறோர் இடத்திலும் கட்டப்படுகிறது. கட்டட விதிகளும் வேறு வேறு. வீடோ கடையோ வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

ஆகவே இங்கே இருப்பவர்கள் யார் என்றால்: ஏரிப் பாசனத்தில் பயிர் செய்த பழைய குடிகளின் வாரிசுகள்; படையோடு வந்த தெலுங்கு, உருதுக் குடும்பங்கள்; ஆங்கிலோ இந்தியர்கள்; தோல் முதலாளிகள், தோல் தொழிலாளிகள்; அனகாபுத்தூர் நெசவாளர்கள்; ரயிலைப் பிடித்து அலுவலகம் போன நடுத்தர வர்க்கம்; ரேடியல் சாலையால் வந்த மென்பொருள்காரர்கள்; அவர்களுக்கு வீடு கட்ட ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, இப்போது வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய செல்போனுக்குப் பேரம் பேசும் இளைஞர்கள். இவர்களில் எவரையும் 'பின்னால் வந்தவர்' என்று சொல்லும் தகுதி மற்றவருக்கு இல்லை. ஏரிப்பாசனக் குடிகளுக்கு முன்னேயும் இங்கே பேழையில் புதைந்தவர்கள் இருக்கிறார்கள்.

நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை காலையில் வாருங்கள். வெயில் ஏறுமுன் மலைக்குப் போய்க் குகையைப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து சந்தையைச் சுற்றுங்கள். பிற்பகலில் மறைமலை அடிகள் வாழ்ந்த சாவடித் தெருவுக்குப் போகலாம். அங்கிருந்து திருநீர்மலைக்குப் போனால் மாலை தரிசனம் கிடைக்கும். கைக்கோடரிக்கு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்; அது வெள்ளிக்கிழமை விடுமுறை, ஆகவே அதற்கு வேறொரு நாளை வைத்துக்கொள்ளுங்கள்.